பவர் கட்டுக்கு அனைவரும் வருக

"கரண்ட் போனா உங்க சோலாரும் நின்னுடும், சார்" என்று ஸ்டெல்லா போனில் சொன்னபோது, கோவிந்தராஜன் கையிலிருந்த காபி டம்ளரைச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றே? மேலே வெயில் கொளுத்துது!"

"கொளுத்தினாலும் நிக்கும் சார். உங்களோடது பேட்டரி இல்லாத சிஸ்டம். லைன்ல கரண்ட் இல்லேன்னா அதுவா ஆஃப் ஆயிடும். இல்லேன்னா கம்பியில வேலை பார்க்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கும். மாட்டின அன்னிக்கே சொன்னேனே."

சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவர் அவளுக்குச் சூரியனின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். நாகர்கோவிலிலிருந்து வந்து ஹைதராபாத் மாடிகளில் பேனல் மாட்டும் எஞ்சினியர் அவள். வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை.

லோத்குண்டா பகுதியில் அவர் குடியிருந்த தெருவில் முதன்முதலாக சோலார் போட்டவர் கோவிந்தராஜன். ஒரு மாதமாக வேறு பேச்சே கிடையாது. பால் பாக்கெட் போடுகிறவரைக்கூட மாடிக்குக் கூட்டிப்போய்ப் பேனலைக் காட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்ததும், தெரு வாட்ஸப்பில் போட்டார்: "அனைவரும் எங்கள் வீட்டுக்கு வருக. லைட் எரியும், ஃபேன் சுற்றும், கிரிக்கெட் ஓடும்."

எதிர்வீட்டு ராகவேந்திரா தெருச் சங்கத்தின் தலைவர். அவர் வாட்ஸப்பில் எழுதாமல் நேரிலேயே வந்தார்.

"நக்கோ சாப், வேண்டாம். கரண்ட் போனா அதுவும் போகும். ஓடிச்சுன்னா நானே உங்க கழுத்துல மாலை போட்டு, தெரு மொத்தத்தையும் சோலார் போட வைக்கிறேன். ஓடலைன்னா இனிமே சோலார் பேச்சே எடுக்கக் கூடாது. ஓகே?"

"ஹவ்" என்று அவர் பாஷையிலேயே நெஞ்சை நிமிர்த்தி ஒத்துக்கொண்டிருந்தார் கோவிந்தராஜன்.

இன்று சனிக்கிழமை. சோலாரைப் பற்றிப் பேசாத ஒரு வாழ்க்கையை நினைத்துப் பார்த்தார். உடனே செருப்பை மாட்டினார்.

முதலில் லைன்மேன் யாதகிரியைத் தெருமுனையில் பிடித்தார். யாதகிரி அந்தத் தெருவின் தமிழ் வீடுகளில் காபி குடித்துக் குடித்தே தமிழ் கற்றுக்கொண்டவர்.

"யாதகிரி, நாளைக்கு என் வீட்டுக்கு மட்டும் ஒரு கம்பியை விட்டு வெக்க முடியுமா?"

"நல்லா இருக்கு சார்! உங்க வீட்டுல கிரிக்கெட் ஓட நான் கம்பத்துல தொங்கணுமா?" யாதகிரி கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க தெருவைப் பத்தி ஊரெல்லாம் பெருமையா சொல்றேன். நான் வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வீடு மெயினை ஆஃப் பண்ணிடறீங்க. நீங்க பழக்கி விட்டது சார் அது. நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

உண்மைதான். ஒருமுறை போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் கோவிந்தராஜன் வீட்டு ஃபிரிட்ஜ் புகைந்துபோனது. அவர் வீடு வீடாக ஏறி இறங்கி ஏற்படுத்திய நல்ல பழக்கம் அது. தலையைக் குனிந்துகொண்டு திரும்பினால், எதிரே ஸ்கூட்டரில் ராகவேந்திரா.

"லைன்மேனோட என்ன ரகசியம் சாப்? எனக்கு டவுட்டா இருக்கு. லைட், ஃபேன் எல்லாம் பத்தாது. நாளைக்கு ஏசி ஓடணும்."

கோவிந்தராஜன் மல்லாபூருக்குப் போன் போட்டார். மைத்துனன் வரதராஜன் அங்கே ஒரு ஃபாக்டரியில் வேலை பார்க்கிறான். சாயங்காலமே பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியுமாக ஆட்டோவில் வந்து இறங்கினான். சோபாவுக்குப் பின்னால் வைத்து, வயரைக் கொடுத்து, மேலே ஜமுக்காளத்தைப் போட்டு மூடினார்கள்.

"மாமா, ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன். அவ்வளவுதான் தாங்கும். மேல ஏதாவது போட்டீங்க, பொசுக்குனு போயிடும்."

"ஏசி?"

வரதராஜன் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி அலமு உள்ளேயிருந்து உற்சாகமாக வந்தாள். "ஏங்க, அதான் பேட்டரியும் வந்தாச்சே. தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன், மாவு அரைக்கணும்னா கிரைண்டரைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வரச் சொல்லி. பக்கத்து வீட்டு அஸ்வினி இஸ்திரிப் பெட்டியும் கொண்டு வராளாம்."

கோவிந்தராஜன் சோபாவில் உட்கார்ந்தார். பேட்டரியின் மேலேயே சாய்ந்துகொண்டார்.

ஞாயிறு காலை. பத்து மணி ஆகும் முன்பே தெரு அடங்கிவிட்டது. தண்ணீர் மோட்டார்கள் நின்றன. ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் கோவிந்தராஜன் வீட்டுக்குள் நுழைந்தார்கள். மூன்று கிரைண்டர், இரண்டு இஸ்திரிப் பெட்டி, எண்ணிக்கையில்லாத போன் சார்ஜர்கள். ராகவேந்திரா கையில் ஒரு பையோடு வந்தார். அவர் நேர்மையான மனிதர். மாலையை வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார், எப்படியும் சாயங்காலம் சாமிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்.

கோவிந்தராஜன் தன் வீட்டு மெயினைத் தொடவில்லை. சோலார்க்காரனே மெயினை அணைத்தால் தெரு என்ன நினைக்கும்?

கடிகாரம் பத்தைத் தாண்டியது. ஃபேன் சுற்றியது. கிரிக்கெட் ஓடியது.

'டிவியையும் பேட்டரி தாங்குதே' என்று வரதராஜன் கண்ணாலேயே வியந்தான்.

அதற்குள் அலமு முதல் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். கோவிந்தராஜன் கண்ணை மூடிக்கொண்டார். கிரைண்டர் கடகடவென்று ஓடியது. இரண்டாவதும் ஓடியது. அஸ்வினி கணவனின் சட்டையை சுருக்கம் இல்லாமல் தேய்த்து முடித்தாள்.

"இதெல்லாம் சரி சாப்" என்றார் ராகவேந்திரா. "ஏசி?"

கோவிந்தராஜன் ரிமோட்டை எடுத்தார். ஏழுமலையானை ஒருமுறை நினைத்துக்கொண்டு அழுத்தினார்.

ஏசி ஒரு சிணுங்கல் சிணுங்கியது. பிறகு ஜில்லென்று காற்று வந்து நேராக ராகவேந்திராவின் முகத்தில் அடித்தது.

கைதட்டல் எழுந்தது. அலமு அந்தச் சூட்டோடு கீஸரையும் போட்டுவிட்டு வந்தாள். ராகவேந்திரா எழுந்து வந்தார். பிறகு பையைத் திறந்து, சாமந்தி மாலையை எடுத்து, கோவிந்தராஜன் கழுத்தில் போட்டார்.

"தோத்துட்டேன் சாப். மனசாரச் சொல்றேன், தோத்துட்டேன். தெரு மொத்தமும் சோலார். முதல் பேரு என்னோடது."

வேலை பார்த்த காலத்தில் பிரிவுபசார விழாவில்கூட கோவிந்தராஜனுக்கு இப்படி ஒரு மாலை விழவில்லை. சந்தோஷம் தாங்காமல் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார்.

"ஓடுதும்மா! ஏசி, கிரைண்டர், கீஸர், எல்லாம் ஓடுது!"

"ஓட முடியாதே சார்."

"நீ படிச்சது புஸ்தகம். என் மாடியில அடிக்கிறது சூரியன். உடனே கிளம்பி வா, தெரு முழுக்க ஆர்டர் இருக்கு!"

"சார், ஒரு நிமிஷம், முதல்ல தெருவுல கரண்ட்..."

"வாம்மா, வா!" என்று வைத்துவிட்டார்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. யாதகிரி. கோவிந்தராஜன் மாலையும் கழுத்துமாக கேட்டைத் திறந்தார். உள்ளே மூன்றாவது கிரைண்டரும் ஓட ஆரம்பித்திருந்தது.

"வா யாதகிரி! பார்த்தியா, ஒரு கம்பி விடமாட்டேன்னியே? இப்ப பாரு!"

யாதகிரி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பூட்டிக் கிடந்த தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சாமான் வரலைன்னு இன்னிக்கு பவர் கட்டையே நாளைக்குத் தள்ளி வெச்சாச்சே சார், அதைச் சொல்லத்தான் வந்தேன். காலையிலேர்ந்து கரண்ட் போகவே இல்லை, தெருவே ஏன் மெயினை ஆஃப் பண்ணிட்டு உங்க வீட்டுல உக்காந்திருக்கு?"