கஷாயத்துக்கு ஆதாரம் கேட்ட காலை

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அதில் ஒரு வசதி: நான் தப்பாகப் பேசினாலும் திருத்த ஆளில்லை. அந்தத் தைரியத்தில், தாராவி கிளினிக்கில் டாக்டராகச் சேர்ந்த முதல் வாரமே அறிவித்தேன்: "வீட்ல சாப்பிடுற கைமருந்தையெல்லாம் கொண்டு வாங்க. ஆதாரம் இல்லாததைத் தூக்கிப் போட்டிரலாம்." (மருத்துவ உலகையே பெருக்கித் துடைக்கும் உத்தேசம்.)

மறுநாள் வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லோர் கையிலும் பாட்டில். செல்லையா அண்ணாச்சி மட்டும் வெறுங்கையோடு நின்றார். சர்க்கரை நோயாளி; தோல் வெட்டும் மெஷினில் வேலை. ஒரு மாதமாகத் தலைசுற்றல், காரணம் எனக்குப் பிடிபடவில்லை. "நான் மாத்திரை தவிர ஒண்ணும் சாப்பிடலை தம்பி" என்றார்.

நான் ஃபோனில் ஆராய்ச்சிகளைத் தேடித் தேடித் தீர்ப்பளித்தேன். "ஆதாரம் இல்லை. அடுத்து!" தைலங்கள் மேஜைக்கடியில் குவிந்தன.

பக்கத்து வீட்டு முருகம்மா அத்தை வந்தார். "பேத்திக்கு ஏழு வயசு. இருமலுக்குத் தேன் குடுக்கேன்."

"தேனெல்லாம் எதுக்கு? நான் எழுதின சிரப்பைக் கொடுங்க அத்தை."

"அதுக்கு ஆதாரம் இருக்காய்யா?"

"இருக்கும்."

"இருக்குமா, இருக்கா? எங்களுக்குப் பாத்தேல்லா, உனக்கும் பாரு."

பார்த்தேன். அந்த வயதுப் பிள்ளைகளின் இருமலுக்குத் தேன் ஓரளவு உதவுமாம். என் சிரப்புக்கு அவ்வளவுகூட இல்லை. பொய் சொல்லலாம்தான், என் முகத்துக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

"தேனே கொடுங்க அத்தை."

"அரே, அப்ப இது?" என்று பையிலிருந்து சிரப்பை எடுத்து, மேஜைக்கடிக் குவியலில் பத்திரமாக வைத்தார். வரிசையே சிரித்தது. முதல் சிரிப்பு, ஓமத் தண்ணீரோடு நின்றிருந்த என் அம்மாவுடையது.

சிரிப்பு அடங்கியதும் அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "உனக்கும் தெரியாதது இருக்குல்லா. அப்ப இதையும் பாத்திரு. மாத்திரையோட சேத்துத் தின்னுதேன். ஏசாத."

சர்க்கரைக்கான பொடி. உடனே ரத்தப் பரிசோதனை செய்தேன். மாத்திரையும் பொடியும் சேர்ந்து சர்க்கரையை அபாயமாக இறக்கியிருந்தன; தலைசுற்றல் அதனால்தான். அப்படியே உட்கார வைத்து இனிப்பான டீ கொடுத்தேன். அன்று அவரை மெஷினுக்குப் போக விடவில்லை.

இப்போதெல்லாம் "வேற என்ன சாப்பிடுறீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறேன், புருவத்தைத் தூக்காமல். ஆனால் வீடு என்னை விடவில்லை. போன மாதம் ஒரு பெண்ணைப் பற்றி அம்மாவிடம் மெல்லச் சொன்னேன்.

"அவளுக்கு உன்னப் பிடிச்சிருக்குன்னு ஆதாரம்?"

மெசேஜைக் காட்டினேன்.

"ஒரே ஒரு மெசேஜை வச்சு முடிவு பண்ணப்படாதுலே" என்றாள்.