வியர்த்த அம்மனும் வீட்டு வரியும்

செமோர் ஊரில் அம்மனுக்கு வியர்க்கிறது! காலையில் வாட்ஸ்அப்பில் கிளம்பிய செய்தி, மதியத்துக்குள் தெலுக் இந்தானிலிருந்து வேன் பிடித்து ஆட்களைக் கொண்டுவந்துவிட்டது. வீட்டுக்காரர் தனேஸ்வரன் வாசலில் குவிந்த செருப்புகளைப் பார்த்துப் பூரித்தார். இருக்காதா? அம்மன் வியர்ப்பது அவர் வீட்டு ஹாலில் அல்லவா!

பக்தி மட்டும் காரணமில்லை. ஐஸைச் சீவிப் பாகு ஊற்றும் ஐஸ் கச்சாங் விற்று வாங்கிய வீடு. வீட்டு வரி கட்டும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலை மோப்பம் பிடித்து வந்தவர்தான் சன்னாசி சாமி.

“கோயிலுக்கு சுக்காய் பிந்து, அதான் வீட்டு வரி, கிடையாது லா, தனேசு. அம்மன் வந்துட்டா இது கோயில்தான். வீட்ட மட்டும் நம்ம சபை பேருக்கு எழுதிக் குடுத்துடு.”

“அப்ப நாங்க எங்க படுக்கிறது?” என்று கேட்டாள் மனைவி கலாதேவி.

“அம்மன் காலடியில.”

வரியை மிச்சப்படுத்த வீட்டையே கொடுப்பதா? குழந்தைக்குக்கூடத் தோன்றும் கேள்வி. தனேஸ்வரன் விவரம் தெரிந்தவர், அவருக்குத் தோன்றவில்லை. பேனாவைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை பூசையில் திரை விலகியது. சாமி கொண்டுவந்து வைத்த பித்தளை அம்மன் முகத்தில் முத்து முத்தாக வியர்வை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தட்டில் ரிங்கிட் விழுந்தது. தனேஸ்வரனும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“வீடு இன்னும் தாய்க்குச் சொந்தமாகல, அதான் வேர்க்குது. கையெழுத்தப் போடு,” என்றார் சாமி.

கலாதேவி சமையலறைக்குப் போய், ஐஸ் போட்ட சிராப் சர்பத் கிளாஸைக் கொண்டுவந்து அம்மன் பக்கத்தில் வைத்தாள்.

“கொஞ்சம் பொறுங்க. எல்லாரும் இதைப் பாருங்க.”

பார்த்தார்கள். கிளாஸுக்கும் வியர்த்தது.

“என்னங்க, சிராப்புக்கும் அருள் வந்துருச்சு. இதுக்கு எந்த வீட்ட எழுதிக் குடுக்கப் போறீங்க?”

“அபச்சாரம்! தொடாத!”

சாமி பாய்வதற்குள் அவள் அம்மனைத் தூக்கிச் சாய்த்தாள். உள்ளே வெறும் கூடு. ஐஸ் கட்டிகள் கலகலவென்று தரையில் கொட்டின.

தனேஸ்வரனுக்கு அவற்றை நன்றாகத் தெரியும். அவருடைய ஐஸ் பெட்டியிலிருந்து காணாமல் போனவை. அதற்காக மனைவியிடம் கத்தியும் இருக்கிறார். காலமெல்லாம் கடையில் ஐஸ் டப்பாவின் வியர்வையைத் துணியால் துடைத்த மனிதர், அதே வியர்வையை வீட்டில் விழுந்து கும்பிட்டிருக்கிறார்! வெட்கத்தில் இப்போது அவருக்கே வியர்த்தது.

சாமி பின்வாசல் வழியாக மறைந்தார். தட்டை மறக்கவில்லை.

வீரம்மா என்ற பக்தை மட்டும் நகரவில்லை. “தம்பி, அந்த ஐஸ்லயும் அம்மன் இருக்கலாம் லா?”

தனேஸ்வரன் துடைப்பத்தை எடுத்தார். “அக்கா, வீட்டுக்குத்தான் வரி. மூளைக்கு யாரும் வரி போடல, தைரியமா வெளிய எடுங்க லா. நானே இன்னைக்குத்தான் எடுத்தேன்.”