பிறருக்காக மூச்சு வாங்குகிறவர்

பிறருக்காக மூச்சு வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. தமக்காக இவர்கள் மாடிப்படிகூட ஏற மாட்டார்கள். ஆனால் குழந்தைகளுக்கு நிதி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். அரைக்கால் சட்டை போட்டு, நெஞ்சுத் துடிப்பை எண்ணும் கடிகாரம் கட்டி, தெருமுனையில் பேனரும் வைத்துவிட்டு மூச்சு வாங்கப் புறப்பட்டுவிடுவார்கள். பேனர் இல்லாமல் வாங்கினால் அது வெறும் மூச்சு.

வில்லியனூரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் புகழ்வேந்தனைப் பாருங்கள். வயது நாற்பத்தாறு. குருவிநத்தத்தில் செல்வகுமாரி டீச்சர் நடத்தும் காது கேளாத பிள்ளைகள் இல்லத்தில் கூரை ஷீட் உடைந்து, இருபத்திரண்டு பிள்ளைகளும் சாப்பாட்டுக் கூடத்தில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வேறு ஒருவர் என்றால் நாலு பேரிடம் கேட்டு ஷீட் வாங்கி அனுப்பியிருப்பார். இவர், வில்லியனூரிலிருந்து குருவிநத்தம் வரை இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப்போவதாக அறிவித்தார். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நமக்காக இல்லபா, கொழந்தைங்களுக்காக" என்றார், பேனரில் தம் படத்தை இன்னும் பெரிதாக்கச் சொல்லும்போது. பிள்ளைகளின் படம்? இருந்தது. அவருடைய ஷூவுக்குக் கீழே, தபால்தலை அளவில்.

பயிற்சி மூன்று வாரம். அதில் இரண்டு வாரம் ஷூ தேர்ந்தெடுப்பதில் போயிற்று.

"ஒரு நாளாவது ஓடிப் பாக்கலாமில்ல?" என்றார் மனைவி அனிதா.

"அன்னிக்கு ஓடத்தானே போறேன்? அதுக்குள்ள இன்னா அவசரம்?"

அந்த ஞாயிறு வந்தது. காலை ஐந்தரைக்குக் கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் எட்டு மணிக்கு வந்து, ஓட்டத்தின் நன்மைகள் குறித்து அரைமணி நேரம் உட்கார்ந்துகொண்டே பேசினார். முப்பது பேர் உற்சாகமாகக் கிளம்பினார்கள். முதல் திருப்பத்தில் போட்டோகிராபர் நின்றிருந்தார். அவரைத் தாண்டியதும் இருபத்தொன்பது பேர் இட்லிக்குத் திரும்பிவிட்டார்கள்.

புகழ்வேந்தன் மட்டும் தொடர்ந்தார். மங்கலம் வரை ஓட்டம். ஏம்பலம் வரை, ஓட்டம் என்று அவர் சொன்னால் நாம் மறுக்க முடியாத ஒன்று. கரிக்கலாம்பாக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். பாதிதான் முடிந்திருந்தது. பாதிக் கூரை போட முடியுமா?

அப்போது மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வந்தாள் தனக்கொடி. நரம்பைக் கடற்கரையிலிருந்து வந்து ஊர் ஊராக மீன் விற்கிறவள்.

"அக்கா, குருவிநத்தம் வரைக்கும் ஏத்திக்கினு போங்கக்கா. யாரும் பாக்கல."

"நான் பாக்குறனே? உன் நோட்டீசுல நானும் எழுதிக் குடுத்துக்கிறேன், கிலோமீட்டருக்கு இருபது ரூபான்னு. வண்டியில வந்தீன்னா பைசா தர மாட்டேன்."

"நீங்க எதுக்குக்கா எழுதுனீங்க?"

"எம் பொண்ணு அங்கதான்பா படுத்துக்கினு கீது. எழுந்துரு."

எழுந்தார். பத்து கிலோமீட்டர் அவர் நொண்டினார். அவள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு மொபெட்டைப் பக்கத்திலேயே உருட்டினாள். அவர் தள்ளாடும்போதெல்லாம் மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். பிற்பகல் இரண்டு மணிக்கு, முழுக்க முழுக்க மத்தி மணக்க, புகழ்வேந்தன் இல்லத்தின் வாசலை அடைந்தார்.

விருந்தினர் இல்லை. போட்டோகிராபர் இல்லை. பந்தல்காரர் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தனக்கொடியின் மகள் கீர்த்திகா ஓடி வந்து அவரை மேலும் கீழும் பார்த்து, விரல்களால் ஏதோ கேட்டாள்.

"இன்னா கேக்குது?" என்றார் புகழ்வேந்தன்.

செல்வகுமாரி டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "பஸ் வரலையான்னு கேக்குறா."

புகழ்வேந்தன் எத்தனையோ பேட்டிகளுக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தார். இதற்கோ, பஸ் வரவில்லை என்று தலையாட்டினார். அந்தப் பெண் ஐயோ பாவம் என்று உதட்டைப் பிதுக்கி, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவர் கண்கள் நிறைந்து வழிந்தன. அது உண்மையான அழுகை என்று டீச்சர் இன்றும் சாதிக்கிறார்.

கண்ணீர் காய்வதற்குள் புகழ்வேந்தன் போனை எடுத்துத் தனக்கொடியிடம் நீட்டினார். "அக்கா, அப்பிடியே ஒண்ணு எடுங்க. நான் அழுவுறது தெரியணும்."

மழைக்கு நான்கு நாள் முன்னால் கூரை ஏறிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

சிரிக்கிறீர்கள். சரி, கடைசியாக நீங்கள் யாருக்கும் தெரியாமல் செய்த உதவி எது? யோசித்துப் பாருங்கள். ஒன்று நினைவுக்கு வருகிறதா? வந்தவுடன், அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுக்கிறதா?

சொல்லுங்கள், கேட்கிறேன். ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது.