உன் நீல ஜேர்சி எங்கே போனது என்றால்

கட்டுக்கலை, கண்டி
ஆவணி, 1973

அன்பு மகன் தனபாலனுக்கு உன் அம்மா ராக்கம்மா எழுதுவது. பிள்ளையார் தயவில் நான் நலம், முழங்காலை மட்டும் அவர் பார்க்கவில்லை. புசல்லாவையில் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. தோட்டத்து ஆபீசில் குளிர் தாங்கவில்லை, அலுமாரியில் இருக்கிற நீல ஜேர்சியை யாரிடமாவது கொடுத்தனுப்பு என்று எழுதியிருந்தாய். அது அலுமாரியில் இல்லை. அதை நான் பிரித்துவிட்டேன். கோபப்படாமல் மேலே படி. பேரனுக்குத் தொப்பி பின்னலாம் என்று ஹபீல் கடைக்குக் கம்பளி நூல் வாங்கப் போனால், கப்பலில் நூல் வந்தே மாசக்கணக்காகிறது, இனி எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்று கையை விரிக்கிறார். வீட்டுக்கு வந்து உன் ஜேர்சியை எடுத்துக் கழுத்துப் பக்கம் ஒரு முடிச்சை அவிழ்த்தேன், சும்மா பார்க்கத்தான், அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது, எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. நூலை அலசி, சுருக்கம் போகக் கதிரை முதுகில் சுற்றிக் காயவைத்து, ஒரு தொப்பியும் ஒரு ஜோடிக் கால் மேஸும் பின்னி, மிச்சத்தில் ஒரு முயலும் செய்தேன். முயலுக்கு ஒரு காதுக்குத்தான் நூல் சரியாக வந்தது, மற்றது கொஞ்சம் குட்டை. தகப்பன் ஆகிவிட்டாய், குளிரைத் தாங்கிக்கொள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வத்தேகம பஸ் ஏறி, யசோதா பிரசவத்துக்குப் போயிருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். சம்பந்தி அன்னலட்சுமி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நல்ல வேலைப்பாடு என்றார், பிறகு அதைப் பூ வைப்பது மாதிரி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார். அவங்க பக்கத்து வழக்கத்தில், பேர் வைக்கிற நாள் முடியும்வரை பிள்ளை தலையில் புதுசு ஏறக்கூடாதாம், வேறொரு பிள்ளை போட்டதைத்தான் போடலாமாம்.

“நூல் பழசு சம்பந்தி, எம் மகன் போட்டுக் கழிச்ச ஜேர்சி,” என்றேன்.

“நூல் பழசுதாங்க. தொப்பி புதுசுல்ல?” என்றார்.

உன் பெண்சாதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன். பேரன் தலையில் இருந்தது சம்பந்தியின் மூத்த மகள் பிள்ளை போட்ட சிவப்புத் தொப்பி, தக்காளிக்குக் கண் வைத்த மாதிரி இருக்கிறான். வெள்ளிக்கிழமை பேர் வைக்கும்போது படம் வேறு பிடிக்கப்போகிறார்களாம். நம் வீட்டுப் பிள்ளை அவங்க வீட்டுத் தொப்பியோடு படத்தில் இருக்க நான் விடுவேனா?

ஆகவே என் தொப்பியை முதலில் வேறொரு பிள்ளை போட வேண்டும். நம் வீட்டு வரிசையில் கைப்பிள்ளை என்று இருப்பது பக்கத்து வீட்டு வடிவம்மாவின் பேரன் ஒருத்தன்தான். உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. உன் கல்யாணப் பந்தியில் கத்தரிக்காய்க் கலர்ச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு உயரம் காட்ட அடியில ரெண்டு பலகை போட்டிருக்காங்க என்று வரிசை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தவள். அன்றிலிருந்து அவள் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. உன் மகனுக்காக மிதித்தேன்.

“வாங்கக்கா, வழி தெரிஞ்சுதா?” என்றாள். அதை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மருமகளைக் கூப்பிட்டு அவளுக்கு முன்னால் இன்னொரு தரம் சொல்ல வைத்தாள்.

“அப்ப எங்க புள்ள தலையில தேச்சுப் பழசாக்கி, ஒங்க புள்ளைக்குப் போடப்போறீங்க?” என்றாள் வடிவம்மா.

ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தொப்பியை வாங்கிப் போட்டுவிட்டாள், முயலையும் கையில் கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்குத் தலை ஒரு பலாக்காய். போட்டவன் போட்டவன்தான், கழற்றப் போனால் பெருந்தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரிக் கத்துகிறான். குளிக்கும்போதும் தொப்பி, தூங்கும்போதும் தொப்பி. அது விரிந்து விரிந்து இப்போது உனக்கே சரியாக இருக்கும். முயலின் நல்ல காதையும் சப்பிச் சப்பிக் கயிறாக்கிவிட்டான்.

நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கலாம். வடிவம்மா உள்ளே போய்த் தன் பச்சைச் சுவெட்டரைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். “பிரிங்கக்கா” என்றாள். நல்ல சுவெட்டர், கிழிசல் ஒன்றும் இல்லை. அவள் இழுக்க நான் உருண்டை சுற்றினேன். சுற்றிக்கொண்டே பலகைக் கதையைக் கேட்டுவிட்டேன், இனியும் வயிற்றில் வைத்திருக்க முடியாது.

“ரெண்டு பலகைதானக்கா போட்டிருந்தீங்க?” என்றாள்.

போட்டிருந்தோம்தான். இல்லையென்று யார் சொன்னது. சொன்ன விதம்தான்.

இப்படியாகப் பச்சைத் தொப்பி முடிந்தது. முடிந்த பிறகுதான் அதுவும் புதுசு என்ற நினைப்பு வந்தது. வடிவம்மாதான் வழி சொன்னாள். வெள்ளிக்கிழமை அவள் பேரனையும் தூக்கிக்கொண்டு வருவாள், கண்டியில் பஸ் ஏறும்போது நீலத்தைக் கழற்றிப் பச்சையை மாட்டிவிட்டால் வத்தேகமையில் இறங்கும்போது தொப்பி பழசு. நீ எங்களுக்கு முந்திப் போய் அந்தச் சிவப்பை உன் கையாலேயே கழற்றிவிடு, பெத்த தகப்பனை யாரும் கேட்கமாட்டார்கள். இதனால் எனக்கும் வடிவம்மாவுக்கும் ராசி என்று நினைக்காதே. ஒரே சீட்டில் உட்காருவோம், அவ்வளவுதான்.

உனக்கும் யசோதாவுக்கும் பேரனுக்கும் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும். சம்பந்திக்கு என் வணக்கம், அளவாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் எழுதுகிறேன். அளவு பார்க்கப் பச்சையை வடிவம்மா பேரனுக்குப் போட்டோம். அதையும் விடமாட்டேன் என்று இரண்டையும் இரண்டு கையிலும் பிடித்தபடியே தூங்கிவிட்டான். வடிவம்மா பிடுங்கச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். நீ சிவப்பைக் கழற்ற வேண்டாம், இருக்கட்டும். படம் பிடிக்கும்போது பேரனை என் மடியில் வைத்து, என் சேலைத் தலைப்பால் தலையை நன்றாக மூடிக்கொள்வேன், சிவப்பு ஒரு பொட்டும் தெரியாது. சேலை கிழியப்போகிற பழசு. அதைச் சம்பந்தி புதுசு என்று சொல்லட்டும், பார்க்கலாம்.