பச்சைக் கோட்டின் பன்னிரண்டாவது ஆள்

காலை எட்டே காலுக்கு உடை மாற்றும் அறைக்குள் நுழைந்த எஞ்சின்காரர், தன் கொக்கியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அங்கே தொங்க வேண்டியது சாம்பல் நிறக் கோட்டு. தொங்கியது பச்சை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்த விண்வெளித் தொடரில் இரண்டு வருடமாகக் கப்பலின் எஞ்சினைப் பழுது பார்த்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிலிருந்து சொந்தப் பெண்டாட்டி வரை எல்லோருக்கும் அவர் எஞ்சின்காரர் ஆகிவிட்டார். நிஜத்தில் அவருக்கு மேஜை விசிறியைக்கூடப் பிரிக்கத் தெரியாது.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிரபஞ்சத்தில் நீலம் போட்டவர் கப்பல் ஓட்டுவார், மஞ்சள் போட்டவர் வைத்தியம் பார்ப்பார், சிவப்பு போட்டவர் சண்டை போடுவார். பச்சை போட்டவர் செத்துப்போவார். மூன்று வருடத்தில் பதினோரு பேர் அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டார்கள். ஒருவர்கூட அடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை. முதல் இரண்டு சாவு முடிந்ததுமே ஒரு ரசிகர் இதைக் கண்டுபிடித்து நாற்பது பக்கம் எழுதிவிட்டார். செடி கொடியே முளைக்காத விண்வெளியில் பச்சை என்பது மண்ணின் ஞாபகமாம். மண் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டுமாம். மூன்றாவது ஆள் சாகும்போது "பச்சை என்னைக் கூப்பிடுது" என்று வசனமே வந்தது. அதற்குப் பிறகு, தன் கொக்கியில் வந்து தொங்கினால் ஒழிய, அந்தக் கோட்டை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

அறையில் இருந்தவர்களும் பச்சையைப் பார்த்துவிட்டார்கள். ஒப்பனைக்காரர் வழக்கத்தைவிடப் பதமாகப் பவுடர் போட்டார். கேப்டனாக நடிப்பவர் எழுந்து வந்து, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வைத்தியராக நடிக்கும் அம்மாள், விசிறிக்கு நேராக இருக்கும் எஞ்சின்காரரின் நாற்காலி இனி யாருக்கு என்று மட்டும் கேட்டாள்.

எஞ்சின்காரர் வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"பச்சை வந்துடுச்சு."

"எங்கண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி.

அதுதான் விஷயம். அவளுடைய அண்ணன் ஒரு டயர் கிடங்கு வைத்திருந்தார். பதினோரு வருடம் கூட்டத்தில் ஒருவராகவும் ஓரத்தில் கிடக்கும் பிணமாகவும் நடித்துக்கொண்டிருந்த தங்கை கணவருக்காக, அந்தக் கிடங்கில் ஒரு ஸ்டூலை எப்போதும் காலியாகவே வைத்திருந்தார். எஞ்சின் வேடம் கிடைத்த பிறகுதான் ஸ்டூல் பேச்சு நின்றது. இப்போது செத்தால் நேராக அந்த ஸ்டூல்தான்.

"நீங்க அதைப் போட்டுக்காதீங்க. வேற எதையாவது மாட்டிக்கிட்டுப் போய் நில்லுங்க" என்று மனைவி சுலபமாக வழி சொன்னாள்.

எஞ்சின்காரர் அப்படியே செய்தார். கப்பலுக்கு வழி சொல்லும் வேடக்காரர் இன்னும் வந்திருக்கவில்லை. அவரைத் திசைகாட்டி என்பார்கள். எஞ்சின்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திசைகாட்டியின் நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பச்சையை அவருடைய கொக்கியில் தொங்கவிட்டார். மனது உறுத்தத்தான் செய்தது. திசைகாட்டிக்குத் தையல் கடை வைத்த மாமனார் இருக்கிறார், பிழைத்துக்கொள்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

திசைகாட்டி ஒல்லி. எஞ்சின்காரர் அப்படியில்லை. படப்பிடிப்பில் எஞ்சினைப் பார்க்க முதல் தடவை குனிந்ததும், கோட்டு கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. கேமராக்காரர் சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. எஞ்சின் ரூமில் நீலத்துக்கு என்ன வேலை என்று கேட்டு, ஒழுங்காகத் தன் கோட்டைப் போட்டு வரச் சொல்லித் துரத்தினார்.

உடை மாற்றும் அறையில் அதைவிடப் பெரிய கூத்து நடந்துகொண்டிருந்தது. பச்சையைப் பார்த்த திசைகாட்டி கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, விட்டு விட்டு அழுதுகொண்டிருந்தார். கதவுக்கு வெளியே ஆறு பேர் நின்று ஆறுதல் சொன்னார்கள். படப்பிடிப்பு நின்றுவிட்டது.

எஞ்சின்காரருக்குப் பொறுக்கவில்லை. கதவருகே போய், "அது என்னோடதுதான், நான்தான் மாத்தி மாட்டினேன்" என்று ஒப்புக்கொண்டார்.

திசைகாட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கதவைத் திறந்து எஞ்சின்காரரைக் கட்டிக்கொண்டார். கட்டிப்பிடித்த கை முதுகைத் தடவியது, கிழிசலைக் கண்டுபிடித்தது. தன் சாவை அடுத்தவன் தலையில் கட்டப் பார்த்தது போதாதென்று, அந்த அடுத்தவனின் கோட்டையும் எஞ்சின்காரன் கிழித்துவிட்டான் என்ற சேதி கால் மணி நேரத்தில் வாசல் காவலாளி வரை போய்ச் சேர்ந்தது. கேப்டன் வந்து, காலையில் குலுக்கிய கையைத் திரும்பக் கேட்காத குறையாக ஒரு பார்வை பார்த்தார்.

எஞ்சின்காரர் இயக்குநர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "அதெல்லாம் மேல முடிவாகுற விஷயம். எனக்கென்ன தெரியும்?" என்று இயக்குநர் மாடியைக் கை காட்டினார். மாடியில் எழுத்தாளர் உட்கார்ந்திருந்தார். கீழே எடுப்பதை அங்கே ஒரு திரையில் பார்த்துக்கொண்டே, நாளைய காட்சியை இன்று எழுதுபவர் அவர்.

ஆக, அந்தத் திரையில் பச்சை தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எஞ்சின்காரர் கணக்குப் போட்டார். பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு, எந்தக் காட்சியானாலும் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் நின்றார். இரண்டு காட்சி தப்பித்தார். மூன்றாவதில் இயக்குநர் பீப்பாயை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கப்பலின் பெரிய ஜன்னல் என்று தொடரில் வருவது, நிஜத்தில் சுவர் அளவுக்கு ஒரு பச்சைத் துணி. அந்தப் பச்சை இருக்கும் இடத்தில் எல்லாம் திரையில் நட்சத்திரம் தெரியும்படி செய்திருப்பார்கள். பச்சைக் கோட்டுக்காரர்களை அந்தப் பக்கம் விடுவதே இல்லை. எஞ்சின்காரர் வசனம் பேசிக்கொண்டே, யாரும் கேட்காமல், ஜன்னல் பக்கமாகப் பின்னால் நடந்தார். கோட்டு மறைந்தது. யோசனை பலித்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்.

கோட்டு மட்டும் மறையவில்லை. கோட்டுக்குள் இருந்ததும் சேர்ந்தே மறைந்தது. இடுப்புக்குக் கீழே எஞ்சின் பலகை மறைத்துக்கொள்ள, திரையில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு தலையும் இரண்டு கையும் மிதந்து, எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தன.

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்று வருடத்தில் இப்படி ஒரு சாவு எடுத்ததில்லை என்றார். உடனே மாடிக்குப் போன் போட்டு, எஞ்சின்காரன் அப்படியே கரைந்து போகிறான், பெரிதாக எழுதுங்கள் என்றார். எஞ்சின்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. அவர் மாடிக்கே ஏறினார்.

எழுத்தாளர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வாங்க, உட்காருங்க. உங்க சாவைத்தான் எழுதிட்டிருக்கேன். மூணு பக்கம் ஆச்சு, நல்லா வந்திருக்கு."

"என்னைச் சாகடிக்காதீங்க சார்."

"என் கையில என்னங்க இருக்கு? பச்சை வந்தாச்சு. வந்த பிறகு எழுதுறது மட்டும்தான் என் வேலை."

எஞ்சின்காரருக்கு அழுகை வந்துவிட்டது. டயர் கிடங்கைப் பற்றிச் சொன்னார், ஸ்டூலைப் பற்றிச் சொன்னார். "பதினோரு வருஷம் வாயே திறக்காம நடிச்சிருக்கேன் சார். எனக்கு முதல்முதலா வசனம் கொடுத்தது நீங்கதான். அந்த ஸ்டூல்ல உட்கார்ந்தா மறுபடியும் யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டாங்க."

எழுத்தாளர் பேனாவை மூடினார். திரையில் அந்தத் தலையும் கைகளும் அப்படியே நின்றுகொண்டிருந்தன. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"மண்ணுக்குப் போக வேண்டியது உடம்புதானே?" என்றார். "அது போயிடுச்சே. பச்சை உடம்பை எடுத்துக்கிட்டு, தலையையும் கையையும் கப்பலுக்கு விட்டுட்டுப் போயிடுச்சுன்னு வச்சுக்குவோம். ஒரு தடவை செத்தவனை மறுபடி எப்படிச் சாகடிக்கிறது? தொடர் முடியிற வரைக்கும் நீங்க மிதந்துகிட்டே இருக்க வேண்டியதுதான்."

மூன்று பக்கத்தையும் கிழித்துக் கூடையில் போட்டார். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை எஞ்சின்காரர் வாழ்நாளில் கேட்டதில்லை.

படியிறங்கும்போது காலே தரையில் பாவவில்லை. மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவள் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அண்ணனிடம் அந்த ஸ்டூலை விற்றுவிடச் சொல்லப்போவதாக அறிவித்தாள். திசைகாட்டி கோட்டுக் கிழிசலை மன்னித்தார். கேப்டன் மறுபடியும் வந்து கை குலுக்கினார். வைத்தியர் அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

இனி தினமும் மிதக்க வேண்டுமே. அதற்குக் கோட்டு வேண்டும். பதினோரு பேரைத் தின்ற கோட்டு தன்னிடம் தோற்றுவிட்டது என்ற பெருமிதத்தோடு, எஞ்சின்காரர் அதைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பின்கட்டுச் சலவை அறைக்குப் போனார். ஈரத்துணிகளுக்கு நடுவே சலவை அம்மாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக எல்லோருடைய உடையையும் துவைத்துக் கொக்கிகளில் மாட்டுகிறவள் அவள்தான். இயக்குநரும் எழுத்தாளரும் சேர்ந்து தன்னைக் காப்பாற்றிவிட்ட கதையை அவளிடமும் ஒரு மூச்சு சொல்லிவிட்டு, இனி இந்தப் பச்சைக் கோட்டு தன்னிடமே நிரந்தரமாக இருக்கும் என்றார்.

சலவை அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் முகத்தில் கவலை.

"இதை நீங்களே வச்சுக்கிட்டா, துவைச்ச கோட்டு காயாதவங்களுக்கு நான் எதைத் தம்பி மாட்டி விடுறது? மூணு வருஷமா இந்த ஒண்ணை வச்சுத்தானே சமாளிச்சிட்டிருக்கேன்."