சந்தனப் பொட்டு வைத்த பற்றரி

படித்த முட்டாள் ஒருவனைக் காட்டச் சொன்னால் நான் யோசிக்காமல் கையை உயர்த்துவேன்.

மெல்பேர்னில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. நாங்கள் செய்தது நாடா பற்றரி. துத்தநாகத் தூள் பூசிய துணி நாடா ஒரு சுருளிலிருந்து மெல்ல அவிழ்ந்து, ஒரு தகட்டைத் தடவிக்கொண்டு போய் மற்றச் சுருளில் சுற்றும். தகட்டில் படுகிற துண்டு மின்சாரம் தரும். அது தீர அடுத்த துண்டு வரும். பழைய கசெற் மாதிரித்தான், பாட்டுக்குப் பதில் வெளிச்சம்.

திங்கட்கிழமை முதலீட்டாளர்கள் பார்க்க வருகிறார்கள். பற்றரியில் பூட்டிய பல்ப் ஒரு மணித்தியாலம் அணையாமல் எரிந்தால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் ஹெலன் சொல்லியிருந்தார்.

நான் என்ன செய்தேன்? வீட்டில் வைத்துச் சரிபார்க்கிறேன் என்று பொய் சொல்லி, புதுச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு காலை கிரெய்கிபர்ன் வீட்டிலிருந்து த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குக் காரை விட்டேன். (புதுக் காருக்குப் பூசை செய்கிற சனம் பற்றரிக்குச் செய்யக் கூடாதா?) ஐயர் அர்ச்சனை முடித்து, பொட்டு வைக்க இடம் தெரியாமல் தயங்கினார். நானே சந்தனத்தை வாங்கி, எல்லாச் சுற்றிலும் படும்படி சுருளின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் பெரிய பொட்டாக அப்பினேன்.

"கொஞ்சமா வையுங்கோப்பா," என்றாள் கூட வந்த என் மனைவி சுகந்தி.

"பிள்ளையாரிட்டையும் கஞ்சத்தனமோ?" என்றேன்.

திங்கள் காலை பல்ப் பளிச்சென்று எரிந்தது. கை தட்டினார்கள். அணைந்தது. நாடா கொஞ்சம் நகர, எரிந்தது. மறுபடி அணைந்தது. ஈரச் சந்தனம் துணியின் நடுவரை ஊறிக் காய்ந்திருந்தது. சுருள் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு மஞ்சள் திட்டு தகட்டுக்கு வந்து, அறையை இருட்டாக்கிவிட்டுப் போனது.

ஹெலன் குனிந்து பார்த்து, இது என்ன மஞ்சள் என்று கேட்டார். பாதுகாப்புக்குப் பூசியது என்றேன். (பொய் இல்லையே!) எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டார். நான் குனிந்து பல்பைத் துடைக்கத் தொடங்கினேன்.

மாத முடிவில் ஆய்வுக்கூடக் கதவு திறக்கிற அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெட்கத்தில் பல நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இப்போது கூரைகளில் சூரியத் தகடு பொருத்துகிறேன், அவை அசைவதில்லை.

போன வருடம் புதுக் காருக்குப் பூசை செய்ய அதே கோயிலுக்குப் போனோம். ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டினார். பின் இருக்கையிலிருந்த மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ஐயா, சுத்திற சாமான் ஒண்டிலையும் வைக்காதேங்கோ. அப்பாக்கு ஏற்கனவே ஒரு வேலை போயிட்டுது."