திராட்சைத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்தது

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. என் முழங்கால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அத்தானின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். என் மகள் கட்டிக்கொண்டால் அவனைத்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளே, அந்தப் பையனுக்கு ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக்காட்டுகிற வேலை என்றதும், "நீ யாருன்னு சொல்லாம கூட்டத்தோட கூட்டமா போய்ப் பார்த்துட்டு வாடா" என்று யோசனை சொன்னது யார்? போனேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, புது ஷூ. காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன், அன்றைக்கு டிக்கெட் இல்லாத பயணி மாதிரி ஒரு பருத்த மனிதரின் முதுகுக்குப் பின்னாலேயே பதுங்கி நடந்தேன்.

பையன் வாய் ஓயாமல் பேசுகிறான். எங்களிடம் பேசியது போதாதென்று கொடிகளிடம் வேறு "என்ன, வெயில் ஜாஸ்தியா?" என்று விசாரிக்கிறான். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு ரோஜாச்செடி. அழகுக்கு என்று நினைத்தேன், இல்லையாம். "நோய் வந்தா முதல்ல ரோஜாவுலதான் தெரியும். உடனே நாங்க உஷாராயிடுவோம்" என்கிறான். பெண்ணைப் பெற்றவன் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான் என்று யோசித்துக்கொண்டே சேற்றில் காலை வைத்தேன், கால் மட்டும் வெளியே வந்தது, ஷூவை அவன்தான் கைவிட்டுத் தோண்டி எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். பிறகு திராட்சை பிழிந்த பழைய கட்டடம். அந்தக் காலத்தில் பழத்தைக் காலால் மிதித்த கல்தொட்டி அங்கே இருக்கிறது, விருப்பப்பட்டவர்கள் இறங்கிப் பார்க்கலாம் என்றான். இறங்கினேன். ஏறத்தான் முடியவில்லை. பருத்தவர் மேலிருந்து இழுக்க, பையன் கீழிருந்து தள்ள, ஒருவழியாகக் கரையேறினேன்.

கடைசியில் ஆற்றோரம். "கொஞ்சம் பேசாம இருங்க, மீன்கொத்தி வரும்" என்றான். மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. அப்போது பார்த்து என் போன் அடித்தது. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவேன் என்பது உனக்குத் தெரியும். "என்னங்க, மாப்பிள்ளையப் பார்த்தீங்களா? போட்டோவுல மூக்கு கொஞ்சம் கோணலா இருந்துச்சே" என்று என் மனைவி அக்கரைக்கும் கேட்கும்படி விசாரித்தாள். மீன்கொத்தி போய்விட்டது. கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. அவன் மட்டும் மூக்கைத் தடவிக்கொண்டு, "நேர்லயும் அப்படித்தான்னு சொல்லிடுங்க மாமா" என்றான்.

ஆகையால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். மழை பெய்தால் அவனுக்கு வேலையில்லை. வீடும் தோட்டத்துக்குள்ளேயே, பஸ் எட்டிப்பார்க்காத இடம். ஒளிக்காமல் சொல்கிறேன், அவள் அவ்வளவு தூரம் போய்விட்டால் காலையில் பேப்பருக்கு என்னோடு சண்டை போட ஆளில்லை. நீயே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. உன் பேச்சைத்தான் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உன் ஆசியை எனக்கு அனுப்பு, இப்போது தேவைப்படுகிறது.

உன் அன்புத் தம்பி

பி.கு.: தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. நேற்று அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், சமையலறை வாசலில் என் மகள், நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ரயிலில் எத்தனையோ பேர் என் முன்னால் அப்படிப் பயந்து நின்றிருக்கிறார்கள். இவள் ஒருநாளும் நின்றதில்லை. எனக்குத் தாங்கவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் இன்னும் பெண் கேட்கவே ஆரம்பிக்கவில்லை, பாவம். அறுவடை முடிந்ததும் கல்யாணம். நீ முன்னாடியே வந்துவிடு அக்கா. அவள் கிளம்புகிற நேரத்தில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.